‘கர்ட்டன் ரைசர்’ என்று அழைப்பிதழில் போட்டிருந்தால் அது திறப்பு விழாவா?

கேள்வி இது: ஒரு கண்காட்சியின் அழைப்பிதழில் ‘கர்ட்டன் ரைசர் நிகழ்ச்சி’ என்று இருக்கிறது. திறப்பு விழாவைத்தான் அப்படிச் சொல்கிறார்களா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

திறப்பு விழா இல்லை. அது பிறகு தனியாக நடக்கும். ‘இப்படி ஒன்று வரப்போகிறது, இந்தத் தேதியில், இந்த இடத்தில்’ என்று சொல்லி ஆவலைக் கிளப்புவதற்காக முன்கூட்டியே வைக்கும் சின்ன நிகழ்ச்சிதான் கர்ட்டன் ரைசர்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாளிதழில் சேர்ந்த புதிதில், ஆங்கிலத்தில் வந்த செய்திக்குறிப்பைத் தமிழாக்கச் சொன்னார்கள். அதில் இந்தச் சொல் இருந்தது. கர்ட்டன் என்றால் திரை, ரைஸ் என்றால் உயர்த்துவது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ‘திரைச்சீலை உயர்த்தும் விழா’ என்று எழுதி, மறுநாள் நிகழ்ச்சிப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். எங்கள் புகைப்படக்காரர் ஏதோ சிலைத் திறப்பு என்று நினைத்துக்கொண்டு போய், திரையை விலக்கும் அந்த ஒரு நொடிக்காக முதல் வரிசையிலேயே நின்றிருக்கிறார். மேடையில் நான்கு நாற்காலி, பின்னால் ஒரு பேனர். திரை என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை. திரும்பி வந்து, “ஏம்பா, எந்தத் திரைப்பா?” என்று அவர் கேட்டதை அலுவலகமே ஒரு மாதம் சொல்லிக் காட்டியது.

திரை இருந்த இடம் லண்டன் நாடக அரங்குகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஒரு மாலைக்கு ஒரே நாடகம் என்ற வழக்கம் இல்லை. பெரிய நாடகத்துக்கு முன்னால் ஓரங்க நாடகம் ஒன்றைப் போடுவார்கள். அரை மணி, முக்கால் மணி நேரச் சரக்கு. திரை எழுந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான் என்பதால் அதற்குக் கர்ட்டன் ரைசர் என்று பெயர். பிரெஞ்சு நாடகக்காரர்கள் இதையே ‘லெவே த ரிதோ’ என்பார்கள். அதற்கும் ‘திரை எழுதல்’ என்றுதான் பொருள். ஆங்கிலச் சொல் 1880களில் அச்சில் தென்படத் தொடங்குகிறது.

ஆக, அன்றைக்கு இது ஒரு பண்டத்தின் பெயர். ‘அறிமுகம்’ என்ற அர்த்தமே அதில் கிடையாது. பின்னால் வரும் பெரிய நாடகத்துக்கும் முன்னால் போட்ட குட்டி நாடகத்துக்கும் கதையில் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. 1881இல் லண்டன் சவாய் அரங்கில் கில்பர்ட் - சலிவன் இணையின் ‘பேஷன்ஸ்’ என்ற இசை நாடகம் ஓடியபோது, அதற்கு முன்னால் ‘மாக் டர்ட்டில்ஸ்’ என்று ஒரு குட்டி இசை நாடகம் போட்டார்கள். எழுதியவரும் வேறு, இசையமைத்தவரும் வேறு.

எதற்கு இந்த இலவச இணைப்பு என்றால், காரணம் சாப்பாடு. பெட்டி (தனித் தடுப்பாக இருக்கும் ‘பாக்ஸ்’) இருக்கைகளிலும் மேடைக்கு அருகிலும் உட்காரும் பணக்காரர்கள், வீட்டில் நிதானமாக இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாமதமாகத்தான் வருவார்கள். மலிவு டிக்கெட்காரர்களோ இடம் பிடிக்கச் சீக்கிரமே வந்துவிடுவார்கள். கொடுத்த காசுக்கு மாலை முழுக்க ஏதாவது வேண்டும் அவர்களுக்கு. லண்டன் அரங்குகளின் வரலாற்றை எழுதிய மக்வீன்-போப், இந்தக் குட்டி நாடகங்கள் நடக்கும்போது பெட்டிகள் காலியாகக் கிடக்கும், மலிவு இருக்கைகளில் இருப்பவர்கள் மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். இளம் நடிகர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள இது நல்ல வாய்ப்பாக இருந்ததாம். இன்று கர்ட்டன் ரைசர் என்றால் முதல் வரிசையில் வி.ஐ.பி.க்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று அவர்கள் வராத நேரத்தை ஓட்டத்தான் அதுவே இருந்தது!

இதற்கு நூறு வருடம் முன்னால் நிலைமை தலைகீழ். 18ஆம் நூற்றாண்டில் பெரிய நாடகத்தின் மூன்றாம் அங்கம் முடிந்த பிறகு வந்தால் பாதிக் கட்டணம் என்று ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களுக்கு அது வசதி. அவர்களுக்கும் ஏதாவது முழுசாகப் பார்க்கக் கிடைக்க வேண்டுமே, அதனால் குட்டி நாடகம் கடைசியில் இருந்தது. 1763இல் இந்தப் பாதிக் கட்டணத்தை நிறுத்தப் பார்த்தபோது ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் இரண்டு அரங்குகளிலும் ரகளை வெடித்து, நிர்வாகம் இறங்கிவர வேண்டியதாயிற்று. தாமதமாக வருகிறவர் யார் என்பது மாறியதும், குட்டி நாடகமும் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. சினிமா ‘ட்ரெய்லர்’ சொல்லும் இப்படித்தான், படம் முடிந்த பிறகு வால் மாதிரி காட்டியதால் வந்த பெயர். அதுவும் முன்னால் வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

(லண்டனில் 1577இல் ‘தி கர்ட்டன்’ என்றே ஒரு நாடக அரங்கு இருந்தது. அதுதான் மூலம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது இருந்த நிலத்துக்கு அந்தப் பெயர், அவ்வளவுதான்.)

20ஆம் நூற்றாண்டில் அந்தக் குட்டி நாடகங்கள் வழக்கொழிந்துபோக, சொல் மட்டும் வேறு வேலைக்குப் போய்விட்டது. தென்னாப்பிரிக்காவில் பெரிய ரக்பி ஆட்டத்துக்கு முன் அதே மைதானத்தில் இளையோர் ஆடும் ஆட்டம் கர்ட்டன் ரைசர். பழைய பொருளுக்கு மிக நெருக்கமான பயன்பாடு இதுதான். இங்கிலாந்தில் கால்பந்துப் பருவம் தொடங்கும் முன் லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியும் மோதும் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தையும் இப்படித்தான் சொல்வார்கள்.

நம் நாட்டுப் பத்திரிகை அலுவலகங்களில் இதற்கு இன்னொரு பொருள். ஒரு நிகழ்வுக்கு முதல் நாள் வரும் முன்னோட்டக் கட்டுரை. ‘நாளைக்கு மேட்ச், ஒரு கர்ட்டன் ரைசர் கொடுத்துடு’ என்றால் யார் ஆடுகிறார்கள், ஆடுகளம் எப்படி, என்ன எதிர்பார்ப்பு என்று ஐந்நூறு வார்த்தை எழுத வேண்டும். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமும் ராணுவக் கூட்டுப் பயிற்சிகளுக்கு முன்னால் இதே தலைப்பில் குறிப்பு அனுப்பும். அந்த முன்னோட்டத்தையே ஒரு அரங்கில் மைக் வைத்துச் சொன்னால், உங்கள் அழைப்பிதழில் இருப்பது.

தமிழில் என்ன போடலாம்? ‘முன்னோட்டம்’ போதும். அழைப்பிதழுக்கு ‘முன்னோட்ட நிகழ்ச்சி’, ‘அறிமுக நிகழ்ச்சி’ இரண்டுமே சரி. ‘வெள்ளோட்டம்’ போடாதீர்கள், அது ஓட்டிச் சோதித்துப் பார்ப்பது. ‘தொடக்க விழா’ போட்டால் அன்றைக்கே கண்காட்சி ஆரம்பம் என்று ஜனங்கள் குழந்தை குட்டியோடு வந்து நிற்பார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், அன்று கண்காட்சி பார்க்கக் கிடைக்காது. சில பேச்சு, ஒரு குறும்படம், கையில் ஒரு ஃபைல், அப்புறம் டீ, பிஸ்கட். ரிப்பன் வெட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அழைப்பிதழில் கீழே இன்னொரு தேதி இருக்கும், பாருங்கள்.