அக்கா மகன் என் பெயரில் எடுத்த கடன்

குடியாத்தத்தில் கைலித் தறி வைத்திருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: ரேஷன் அட்டையில் கைப்பேசி எண்ணை மாற்றித் தருவதாகச் சொல்லி, அக்கா மகன் அவருடைய போன், ஆதார், பான் அட்டைகளை வாங்கி, செயலி மூலம் அவர் பெயரில் 1,80,000 ரூபாய் கடன் எடுத்துவிட்டான். வசூல் ஆட்கள் தறிக்கொட்டகைக்கே வந்ததால் மானத்துக்கு அஞ்சி இரண்டு தவணைகளை அவரே கட்டியிருக்கிறார். இப்போது அவன்மீது வழக்குப் போட வேண்டுமாம்.

நீங்கள் அவனைப் படிக்க வைத்ததும், அக்கா அவனுக்குப் பரிந்து பேசுவதும் வழக்குக்கு உதவா. ஓடிபி உங்களுக்குத் தெரியாமல் மோசடி நோக்கத்தோடு பயன்படுத்தப்பட்டதா என்பது மட்டுமே கேள்வி. ஆம் எனில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு பொருந்தும். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.

சிக்கல் நீங்கள் கட்டிய தவணைகளில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி செயலிக் கடன் பொதுவாகக் கடனாளியின் வங்கிக் கணக்கிலேயே வரவாக வேண்டும் என்பதால், பணம் முதலில் உங்கள் கணக்குக்கு வந்து, பிறகே அவனுக்குப் போயிருக்கும். அந்த வரவையும் அதையடுத்த யுபிஐ பற்றையும் காட்டும் கணக்கு அறிக்கைதான் உங்கள் முதல் சாட்சியம். அதைக் காட்டியபின்பும், "கடன் உங்களுடையது இல்லையென்றால் தவணை ஏன் கட்டினீர்கள்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும், வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றக் கூண்டில் இந்தக் கேள்விக்கு வாயடைத்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மிரட்டலால் கட்டியதாகவும் கடனை ஏற்கவில்லை என்றும் நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள்.

அதைவிட மோசம், சொந்தக்காரனைக் காப்பாற்ற "யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்று புகாரில் எழுதுவது. கடன் உங்கள் போனிலிருந்தே எடுக்கப்பட்டது விசாரணையில் வெளிப்பட்டால், பொய்த் தகவல் தந்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு உங்கள்மீதே திரும்பும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: பையன் பணத்தைத் திருப்பித் தருவானானால், முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே சமரசம் செய்துகொள்ளுங்கள். 66-சி மட்டும் என்றால் பின்னரும் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வழியுண்டு (கடன் உங்கள் மனைவி பெயரில் இருந்திருந்தால், பெண்ணுக்கு எதிரான குற்றம் என்பதால் அதுவும் கிடையாது). பொய்யாவணப் பிரிவு சேர்ந்துவிட்டால், வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் வரை அலைய வேண்டும். பணம் உங்கள் கைவழியாக வராமல் அவன் கணக்கிலிருந்து நேரே நிறுவனத்துக்குப் போகட்டும். தள்ளுபடி பேசி முடிக்காமல் முழுத் தொகையையும் கட்டவைத்து, நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். 'செட்டில்டு' (முழுத் தொகையும் கட்டாமல் முடித்த கடன்) என்று சிபில் கடன் வரலாற்றில் பதிவானால் அடுத்த முறை தறிக்குக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.