ஒரு சேர்வர், இரண்டு டொமைன், ஒரே ‘இன்போ’

கேள்வி: நிலாவெளியில் ஒரு விடுதியும், திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகு ஒன்றும் நடத்துகிறேன். இரண்டுக்கும் தனித்தனி டொமைன், வாடகை சேர்வர் ஒன்றுதான், அதில் போஸ்ட்பிக்ஸ் என்ற மெயில் மென்பொருள். இரண்டு டொமைனிலும் ‘இன்போ’ என்று ஒரு முகவரி இருக்கிறது. எந்த டொமைனின் மெயிலை இந்தச் சேர்வரே வாங்கவேண்டும் என்று சொல்கிற மைடெஸ்டினேஷன் வரியில் இரண்டு டொமைனையும் எழுதினேன். இப்போது படகுக்காரருக்கு வருகிற மெயிலும் விடுதிக் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கே போகிறது. எந்தப் பெயருக்கு வருவது யாருக்குப் போகும் என்று எழுதுகிற எலியாசஸ் கோப்பில் முழு முகவரியாகப் பிரித்து எழுதியும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.
— வாசகர், நிலாவெளி

பதில்: நடக்காது தம்பி. அந்தக் கோப்பு @ குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும்தான் பார்க்கும். மைடெஸ்டினேஷனில் நீங்கள் எத்தனை டொமைன் எழுதினாலும் எல்லாம் ஒரே வீடுதான். உப்புவெளியிலும் உவர்மலையிலும் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க, இடத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துக் கடிதம் கொடுக்கிற தபால்காரர் மாதிரி.

இரண்டு டொமைனையும் அந்த வரியிலிருந்து எடுத்து, வேர்ச்சுவல் எலியாஸ் டொமைன்ஸ் வரியில் போடுங்கள். இரண்டு வரியிலும் வைக்கக்கூடாது, வைத்தால் லொக்கில் (சேர்வரின் பதிவுக் கோப்பில்) எச்சரிக்கை வரும். பிறகு வேர்ச்சுவல் எலியாஸ் மெப்ஸ் கோப்பில் இடப்பக்கம் முழு முகவரி, வலப்பக்கம் யாருக்குப் போகவேண்டுமோ அந்தப் பயனர்: படகு டொமைனின் இன்போ படகுக்காரருக்கு, விடுதியின் இன்போ கவுண்டருக்கு. கோப்பைத் திருத்துகிற ஒவ்வொரு தடவையும், அதைப் போஸ்ட்பிக்ஸ் படிக்கிற வடிவத்துக்கு மாற்றுகிற போஸ்ட்மெப் கட்டளை கொடுக்கவேண்டும், பாதிப் பேர் மறப்பது இதைத்தான். பிரதான கொன்பிக் கோப்பைத் தொட்டதால் போஸ்ட்பிக்ஸை ரீலோட் பண்ணவும் வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. வலப்பக்கம் வெறும் பயனர் பெயர் எழுதினால், போஸ்ட்பிக்ஸ் அதன் பின்னால் மைஒரிஜின் என்ற கொன்பிக் வரியில் உள்ள டொமைனை ஒட்டிக்கொள்ளும். அது நீங்கள் இப்போது இடம் மாற்றிய டொமைனாக இருந்தால், வேர்ச்சுவல் டேபிளில் அப்படி ஒரு பயனர் இல்லை என்று மெயில் திரும்பிவிடும். மைஒரிஜினில் சேர்வரின் சொந்தப் பெயரை வையுங்கள், மைடெஸ்டினேஷனில் அந்தப் பெயரும் லோக்கல்ஹோஸ்டும் இருந்தால் போதும்.

பெயர் தவறி எழுதுகிறவர்களின் மெயிலும் வரட்டும் என்று, @ குறியும் டொமைனும் மட்டும் எழுதி எல்லாவற்றையும் பிடிக்கிற வரி ஒன்று போட ஆசை வரும். நானும் போட்டேன். ஸ்பாம்காரர் வாய்க்கு வந்த பெயருக்கெல்லாம் அனுப்ப, சேர்வர் ஒன்றையும் வாசலில் மறுக்காமல் வாங்கி வைத்தது. சீசனில் விசாரித்து எழுதிய இரண்டு பேரின் மெயிலை அந்தக் குப்பைக்குள் கிண்டித்தான் எடுத்தேன். வேண்டாம்.

டொமைனுக்கு வருகிற மெயில் எந்தச் சேர்வருக்குப் போகும் என்று சொல்கிற எம்எக்ஸ் பதிவு இரண்டுக்கும் ஒரே சேர்வர் பெயரைக் காட்டலாம், அதில் பிழையில்லை. எந்தச் சேர்வர் அந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிற எஸ்பிஎப்பும், மெயிலில் போடும் கையொப்பமான டிகேஐஎம்மும் மட்டும் டொமைனுக்கு ஒன்றாகத் தனித்தனியே வேண்டும்.

கேள்வி: சங்கத்து முகவரியை என் ஜிமெயிலுக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். சில மெயில் வந்து சேர்வதில்லை. பதில் போட்டால் என் சொந்த முகவரி தெரிகிறது.
— வாசகி, உவர்மலை

பதில்: அக்கா, இப்படித் திருப்பி வைப்பது உள்ளே வருகிற மெயிலுக்கு மட்டும்தான். வெளியே போவதற்கு, ஜிமெயில் செட்டிங்ஸில் சங்க முகவரியையும் அனுப்பும் முகவரியாகச் சேர்க்கவேண்டும். மெயில் காணாமல் போவது எஸ்பிஎப் காரணமாக இருக்கலாம்: அனுப்பியவரின் டொமைனில் உங்கள் சேர்வருக்கு அனுமதி இல்லை, ஆனால் அவர் பெயரில் மெயிலை ஜிமெயிலிடம் கொடுப்பது உங்கள் சேர்வர். எஸ்ஆர்எஸ் என்ற மென்பொருளை நிறுவினால், எஸ்பிஎப் பார்க்கிற உறை அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனுக்கு மாறிப் போகும். அதைவிட லேசான வழி, சங்கத்துக்கு அங்கேயே ஒரு மெயில்பெட்டி திறந்து நேரே வாசிப்பது. அப்படியே ‘போஸ்ட்மாஸ்டர்’ முகவரியும் வேலை செய்கிறதா என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், மெயில் வாங்குகிற ஒவ்வொரு டொமைனிலும் அது இருந்தே ஆகவேண்டும்.