ஆடித் திருவிழாவுக்கு ட்ரோன் ஷோ வைக்கலாமா?

உடுமலைப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "போன வருடம் ஆடித் திருவிழாவில் விட்ட வாணம் வைக்கோல் போரில் விழுந்து தீப்பிடித்துவிட்டது. இந்த வருடம் டெல்லியில் செய்தது போல ட்ரோன் ஷோ வைக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கமிட்டி சம்மதிக்கலாமா?"

விளக்கு பொருத்திய குட்டி ட்ரோன்களைக் கூட்டமாகப் பறக்கவிட்டு வானத்தில் படம் காட்டுகிற ட்ரோன் ஷோவைத் தாராளமாக வைக்கலாம், ஆனால் ஆடியில் வேண்டாம். உங்கள் பக்கம் எதற்காக இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அடித்துக்கொண்டு வருவதே அந்த மாதங்களில்தான், அதுவும் தரையில் சுமாராகத் தெரிகிற காற்று நூறு மீட்டர் உயரத்தில் இன்னும் வேகமாக இருக்கும். ஷோ ட்ரோன்கள் எடை குறைந்தவை, ஜிபிஎஸ்ஸை வைத்துத் தன் இடத்தைப் பிடித்து நிற்பவை. காற்று தள்ளத் தள்ள மோட்டார் கூடுதலாக உழைத்து பேட்டரியைத் தின்னும், ஒரு கட்டத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் இடம் தவறிப் பக்கத்து ட்ரோனில் மோதும். 2023 ஜூலையில் மெல்போர்னில் இதுதான் நடந்தது. 500 ட்ரோன்களில் 427 தொலைந்தன, பெரும்பாலானவை துறைமுகத் தண்ணீரில். கீழே தண்ணீர் இருந்ததால் அதோடு போயிற்று, உங்கள் ஊரில் கீழே இருப்பது முளைப்பாரி எடுத்து வருகிற கூட்டம்.

இன்னொன்றையும் இளைஞர்களிடம் சொல்லுங்கள். ட்ரோனில் வெடிமருந்து இல்லை, ஆனால் லித்தியம் பேட்டரி இருக்கிறது. விழுந்து நசுங்கினால் அதுவும் தீப்பிடிக்கும், வைக்கோல் போருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, தைப்பூசத்துக்கோ வேறு காற்று குறைந்த மாதத்துக்கோ மாற்றி வைக்கலாம் என்றால் தாராளமாக விசாரியுங்கள். டெல்லியில் குடியரசு தின விழா நிறைவின்போது 2022 ஜனவரி 29 அன்று பறந்தவை 1000 ட்ரோன்கள், அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நூறு ட்ரோனுக்கு ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு ட்ரோன் என்பது வானத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். நூறு புள்ளியில் வேல் தெளிவாக வரும், மயில் மேல் முருகன் வரமாட்டார். அப்புறம், படம் ஒரு பக்கத்துக்குத்தான். எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்கு எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரியும், அதனால் கூட்டம் எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். ட்ரோன்கள் கிளம்பி இறங்குகிற காலி மைதானம் தனியாக வேண்டும், அதற்கு மேலே மின்கம்பிகள் போகக்கூடாது, பறக்கிற பகுதிக்குக் கீழே ஒருத்தர்கூட நிற்கக்கூடாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஷோவின்போது விழுந்த ட்ரோன் ஒன்று ஏழு வயதுச் சிறுவனைப் பலமாகக் காயப்படுத்தியது.

வெடி போலச் சத்தமும் இருக்காது. குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் நல்லது, ஆனால் வெடிச்சத்தம் கேட்டால்தான் திருவிழா என்று நினைக்கிற பெரியவர்கள் "என்னப்பா, மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிட்டு முடிஞ்சு போச்சு" என்பார்கள். ஷோவே பெரும்பாலும் பத்து நிமிடம்தான், பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். பாட்டும் உறுமியும் சேர்த்து வைத்தால் சமாளிக்கலாம்.

அனுமதியை ஷோ நடத்துகிற நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில், அதாவது ட்ரோனுக்குத் தடையில்லாத வான்பகுதியில், 400 அடி வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்கலாம். அது பச்சையாகவே இருந்தாலும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ட்ரோன்களின் பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு இரண்டின் நகலையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் முக்கியமாக ஒரு வரி இருக்கவேண்டும்: எவ்வளவு காற்றுக்கு மேல் பறக்கவிடமாட்டார்கள், அதை அன்றைக்கு முடிவு செய்வது யார், ரத்தானால் பணம் என்ன ஆகும். முடிவு செய்பவர் ட்ரோன் ஓட்டுபவராக இருக்கட்டும், கமிட்டித் தலைவர் வேண்டாம், திருவிழா வரி கொடுத்த ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் ரத்து என்று சொல்ல முடியாது. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.