வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்த பிறகும் மெக்கின்டாஷ் தேவையா?

மதுரையில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். நோயாளியின் மூச்சுக்குழலுக்குள் சுவாசக் குழாயைச் செலுத்த, நாக்கைத் தூக்கிக் குரல்வளையைக் காட்டும் கருவிதான் லாரிங்கோஸ்கோப். கழுத்து அசையாத நோயாளி என்றால் வீடியோவைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் கேமரா இல்லாத பழைய வகையான மெக்கின்டாஷ் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

1943-ல் வந்த மெக்கின்டாஷில் நம் கண்ணும் குரல்வளையும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். வீடியோவில் கேமரா பிளேடு (வாய்க்குள் போகும் தகடு) நுனிக்கு அருகிலேயே இருப்பதால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தெரிவது வேறு, குழாய் போவது வேறு. கிளைடுஸ்கோப், சி-மேக்கின் டி-பிளேடு மாதிரி அதிகம் வளைந்த வீடியோ வகைகளில் திரையில் குரல்நாண் பளிச்சென்று தெரியும். குழாயோ முன்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டைலட்டை (குழாய்க்குள் செருகும் வளையும் கம்பி) பிளேடின் வளைவுக்கே வளைத்துக்கொள்ளுங்கள். குழாயின் நுனி குரல்நாணைத் தொட்டதும் ஸ்டைலட்டைக் கொஞ்சம் பின்னிழுத்தால் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கும். புதியவர்கள் திரையையே பார்த்தபடி குழாயை வாய்க்குள் விடுவார்கள், அண்ணம் கிழியும். முதலில் வாயைப் பாருங்கள், பிறகு திரையை.

விபத்தில் வந்தவருக்கு வாயெல்லாம் ரத்தம் என்றால் கேமரா குருடு. அங்கே மெக்கின்டாஷும் பூஜியும்தான் (முதலில் நுழைத்து, அதன் மேல் குழாயை வழுக்கி இறக்கும் நீண்ட மெல்லிய குச்சி) கை கொடுக்கும்.

பாக்கு மென்றே வாய் இறுகிப்போனவர்களும் வருவார்கள் (எங்கள் சோழவந்தான் வெற்றிலை மேல் பழி போடாதீர்கள், குற்றவாளி பாக்கு). ஒரு விரல் நுழையாத வாயில் எந்த பிளேடும் நுழையாது. மரத்துப்போக மருந்தடித்து, விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக்தான் (உள்ளே பார்த்தபடி குழாயை வழிநடத்தும் வளையும் மெல்லிய ஸ்கோப்).