அபூர்வ ஸ்கேல் மாடல் கிட்களில் பாகங்கள் ஏன் எளிதில் பொருந்துவதில்லை?

விமானம், வாகனம் போன்றவற்றின் சிறிய உருவை நாமே ஒட்டிச் சேர்க்கப் பாகங்களாகப் பெட்டியில் வருவது ஸ்கேல் மாடல் கிட். அதில் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் தயாராவதை ‘ஷார்ட் ரன்’ கிட் என்பர். அதிகம் அறியப்படாத விமானங்களும் வாகனங்களும் பெரும்பாலும் இவ்வகையில்தான் கிடைக்கின்றன.

காரணம் பாகங்களை வார்க்கும் அச்சில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் எஃகில் வெட்டும் அச்சுக்குச் செலவு மிக அதிகம். ஆயிரக்கணக்கான பெட்டிகள் விற்றால்தான் அது திரும்பும். 20,000க்கும் மேல் தயாரிக்கப்பட்ட பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு அத்தனை வாடிக்கையாளர்கள் உண்டு. 136 மட்டுமே தயாரிக்கப்பட்ட பிளாக்பர்ன் ராக் விமானத்துக்கு இல்லை. செக் குடியரசின் ஸ்பெஷல் ஹாபி போன்ற சிறிய நிறுவனங்கள்தான் இத்தகைய விமானங்களைத் தேடியெடுத்து மாடலாக்குகின்றன. இந்தப் பொழுதுபோக்குக்கு அவை செய்யும் பெரிய தொண்டு இது என்றே கருதுகிறேன்.

செலவைக் குறைக்க மலிவான, மென்மையான அச்சுகள் பயன்படுகின்றன. ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) பாகங்களை வார்க்கும் சிலிக்கோன் அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே கிழியத் தொடங்கும். கொலு பொம்மை செய்யும் பிளாஸ்டர் அச்சு தேயத் தேய, பொம்மையின் கண்ணும் மூக்கும் மழுங்குவதைப் போன்றதே இது. பாகங்களை இணைக்கும் சிறு முளைகள் பல கிட்களில் இருப்பதில்லை. விளிம்புகளில் மெல்லிய பிசிறும் நிற்கும். ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் பசையின்றிச் சேர்த்துப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைப் பட்டி (putty) என்னும் நிரப்புப் பசையால் நிரப்ப வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

விலை கூடுதல் என்பதால் பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தும் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த விலை குறைந்த எண்ணிக்கையால் வருவது, பொருத்தத்தால் வருவதன்று.