கைப்பேசியைத் திறக்கச் சொன்னால்…

கேள்வி: இரவுப் பணி முடிந்து வண்டியில் வந்த என் மகனை ரோந்துப் போலீசார் நிறுத்தி, ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்த பிறகு, கைப்பேசியையும் திறக்கச் சொல்லி வாட்ஸ்அப் உரையாடல்களைப் படித்திருக்கிறார்கள். அவன்மேல் எந்த வழக்கும் இல்லை. "ஒளிக்க ஒன்றுமில்லாதவன் காட்டினால் என்ன?" என்கிறார் என் கணவர். சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கணவரிடமிருந்தே தொடங்குகிறேன், நல்ல மனிதர்கள் பலரும் கேட்பது இதைத்தான். மகனின் கைப்பேசியில் இருப்பது மகனுடையது மட்டுமன்று. நீங்கள் அனுப்பிய இரத்தப் பரிசோதனை அறிக்கை, சித்தி தன் வீட்டுச் சண்டையைச் சொல்லி அனுப்பிய குரல் பதிவு, நண்பன் கடன் கேட்டு எழுதியது என எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவர்களில் எவரும் சாலையோரத்தில் அவற்றைக் காட்டச் சம்மதிக்கவில்லை. போதாக்குறைக்கு, கைப்பேசி எதையெல்லாம் சேமித்து வைக்கிறது என்பது பல வேளைகளில் உரியவருக்கே தெரிவதில்லை. ஐபோன் ஏறக்குறைய ஓராண்டுக்கான இடக் குறிப்புகளைத் தேதியும் நேரமுமாக, மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யாத ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்ததை 2011 ஏப்ரலில் இரண்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அவை அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரங்கள், வைஃபை நிலையங்களின் இடங்களே என்று ஆப்பிள் விளக்கம் அளித்தது. ஆயினும் சேமிப்புக் காலத்தை ஏறத்தாழ 7 நாளாகக் குறைத்துக்கொண்டது. அதுவரை அந்தக் கோப்பைச் சட்டைப்பையில் சுமந்து திரிந்தவர்களும் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நம்பியவர்கள்தாம்.

இனி சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவ்வழக்கைத் தொடுத்த புட்டசாமி, உங்கள் ஊர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் உங்கள் மகனுக்கு நேரடியாகப் பயன்படுவது, பெங்களூரு போதைப்பொருள் வழக்கு ஒன்றில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் அளித்த தீர்ப்பு. அவசர நிலை இருந்து, அதன் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாலன்றி, கைப்பேசியைச் சோதிக்க நீதிமன்றத்தின் வாரண்ட் வேண்டும் என்றது அது. வழக்கே இல்லாத ஓர் இளைஞனின் உரையாடல்களை வாகனச் சோதனையில் படிப்பதை இந்த வரம்புக்குள் எப்படிப் பொருத்துவது என்பது எனக்கு விளங்கவில்லை.

அதே தீர்ப்பு மறுபக்கமும் சாய்கிறது. கடவுச்சொல்லைத் தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம், அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றும் அது கூறுகிறது. 2022-இல் டெல்லியிலுள்ள சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஒன்று இதற்கு மாறான முடிவுக்கு வந்தது: கடவுச்சொல் மனத்துக்குள் இருக்கும் அறிவு, தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 20(3)-ஆவது கூறு இருக்கும்வரை அதைச் சொல்லுமாறு குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது, கைரேகையைப் பெறலாம். கைரேகை தருவது சாட்சியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் 1961-இலேயே சொல்லியிருப்பதால் வந்த வேறுபாடு இது. எனக்கு டெல்லித் தீர்ப்பின் வாதமே வலுவாகப் படுகிறது. ஆயினும் நீங்கள் இருப்பது கர்நாடகம், அங்கே செல்லுபடியாவது உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பே.

போலீசார் தரப்பிலும் நியாயம் உண்டு. காணாமற்போன குழந்தையைத் தேடுவதற்கோ, முதியவரின் சேமிப்பை யுபிஐ வழியாகச் சுருட்டியவனைப் பிடிப்பதற்கோ கைப்பேசியை விட்டால் வேறு தடயம் இல்லாத வழக்குகள் பல. அப்போதும் கேட்க வேண்டியது, எந்தக் குற்றத்துக்காக, எந்தக் காலத்துத் தகவலை என்று எழுதிய ஆணை. அது கைப்பேசியைக் கேட்கும் போலீசாருக்கும் பாதுகாப்பு.

மறுமுறை நிறுத்தினால், உங்கள் மகன் கைப்பேசியைத் தானாகத் திறந்து நீட்ட வேண்டாம். சம்மதித்துக் காட்டினான் என்று பின்னர் சொல்லிவிடுவார்கள். "சார், ஆர்டர் இருந்தால் காட்டுங்கள்" என்று பணிவாகக் கேட்கட்டும். வாக்குவாதமோ பிடுங்கலோ கூடாது, பணியைத் தடுத்ததாக வேறொரு வழக்கு வரும். கைப்பற்றினால், மாடலும் ஐஎம்இஐ எண்ணும் (கைப்பேசியின் தனி அடையாள எண்) எழுதிய மகஜரின், அதாவது கைப்பற்றியதற்கான பதிவின், நகலைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது.

கேள்வி: அழித்த படங்களைப் போலீசாரால் மீட்க முடியுமா? முன்கூட்டியே எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தொல்லை இல்லையே?
– வாசகர் ஒருவர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: சில வேளைகளில் முடியும். அழித்த படம் பல செயலிகளில் முதலில் குப்பைத் தொட்டிக்குப் போய் ஒரு மாதம்வரை கிடக்கும். அங்கிருந்து நீங்கிய பின்பும் மேகச் சேமிப்பிலோ (கிளவுட்), நீங்கள் அனுப்பியவரின் கைப்பேசியிலோ இருக்கலாம். புதிய கைப்பேசிகளில் சேமிப்பு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் திறவுகோல் அழிந்து, பழைய தரவு பொருளற்ற எண்குவியலாகிவிடும். பழைய கைப்பேசியை விற்குமுன் இதைச் செய்யுங்கள். வழக்கு வரும் என்று தெரிந்தபின் சாட்சியமாகக் கூடியதை அழிப்பது, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. அந்த நிலையில் கைப்பேசியைத் தொடாமல் வைத்து, ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.