பல வருடம் ரோட்டில் ஓட்டிவிட்டு ரேஸ் டிராக் பயிற்சிக்குப் போகிறேன். பழைய பழக்கங்களை எப்படி விடுவது?

உங்களிடம் மேனுவல் கியர் கார், இடது கை எப்போதும் கியர் லீவர் மேல் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சென்னையில் ஓட்டிப் பழகியதெல்லாம் கெட்ட பழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பானட்டுக்கு முன்னால் பத்தடியையே பார்த்து ஓட்டுகிறோம் என்றால் குழி அங்கேதான் இருக்கிறது, ராங் சைடு ஸ்கூட்டரும் அங்கேதான் வருகிறது. டிராக்கில் அது உதவாது, அவ்வளவுதான். அங்கே வளைவுக்குள் நுழையும்போதே அதன் முடிவைத் தேட வேண்டும்.

நான் போனது சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில், 3.7 கிலோமீட்டர் டிராக். எனக்குப் பெரிய தகராறு பிரேக்கோடுதான். ரோட்டில் மெதுவாக ஆரம்பித்து, போகப் போக அழுத்துவோம். அங்கே தலைகீழ். கார் நேராகப் போகும்போதே பலமாக மிதித்துவிட்டு, வளைவு நெருங்க நெருங்கத் தளர்த்த வேண்டும். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்து பெடல் கடகடவென்று அதிர்ந்ததும் கால் தானாக மேலே வந்துவிடும். பக்கத்தில் இருந்த பயிற்றுநர், என்னைவிட ரொம்பச் சின்னப் பையன், "சார், எடுக்காதீங்க! மிதிச்சிட்டே இருங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைப் படக்கென்று விடுவது இன்னொரு வியாதி. எடை முன்பக்கம் சாய்ந்து பின் சக்கரங்கள் பிடி இழக்கும். கார் சுற்றிக்கொண்டு போகும்.

இதையெல்லாம் டிராக்கில் திருத்த முடியாது என்பது என் கருத்து. அந்த வேகத்தில் உடம்பு பழகியதைத்தான் செய்யும். எனக்கு மாறியது ஆபீஸ் போகிற வழியில். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில் படும்படி சீட்டை முன்னால் தள்ளினேன். கைகள் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று இருக்கும் இடங்களில். கிளட்ச் மேல் ஓய்வெடுக்கும் இடது கால் பக்கத்திலுள்ள ஃபுட்ரெஸ்ட்டுக்குப் போகட்டும், வளைவில் உடம்பைத் தாங்குவது அதுதான். ஒரு பழக்கம் படிந்தபிறகு அடுத்தது. ஏபிஎஸ் அதிர்வை மட்டும் ஆளில்லாத மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

'ஈசிஆரில் ரேஸ் விடச் சொல்கிறாயா' என்று கமெண்ட் போடக் கிளம்புகிறவர்களே, மேலே சொன்ன எதற்கும் நாற்பதைத் தாண்ட வேண்டியதில்லை.

அப்புறம், சாதாரண கார் இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. பாலிசியைப் படித்துவிட்டுப் போங்கள். டிராக்கில் என் காருக்கு ஒரு கீறல் விழவில்லை. பம்பர் உரசியது எங்கள் அபார்ட்மென்ட் வாசலில், பெயின்ட் அடிக்காமல் முழங்கால் உயரத்துக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடையில். சங்கச் செயலாளரிடம் கேட்டால், "நீங்கதானே சார் ரேஸ் ஓட்டறவரு, பாத்து ஏத்தக் கூடாதா?" என்கிறார்.